உலர் திராட்சை வகைகள்: ஒரு வரலாற்று ஒப்பீடு

உலர் திராட்சை என்பது பழுத்த திராட்சையை வெயிலிலோ, நிழலிலோ, சூடான காற்றிலோ வாட்டி, அதிலுள்ள நீரின் பெரும்பகுதியை நீக்கிப் பெறும் பழமாகும். விழுப்புரம், திண்டிவனம் கடைவீதிகளிலும் பனமலை போன்ற ஊர்களின் மளிகைக் கடைகளிலும் இது பொதுவாக மூன்று வகையாக விற்கப்படுகிறது. பாயசத்திற்கும் கேசரிக்கும் வாங்கும் மஞ்சள் அல்லது பழுப்புப் பழம் ஒன்று. இரவில் ஊறவைத்துக் காலையில் உண்ணும் கறுப்புப் பழம் மற்றொன்று. நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும், விதையுள்ள பெரிய பழம் மூன்றாவது.

மஞ்சள் பழம் உயர்ந்தது, பழுப்புப் பழம் பழையது, கறுப்புப் பழம் சத்து மிகுந்தது என்ற எண்ணம் மக்களிடம் பரவலாக உள்ளது. வரலாற்றையும் உலர்த்தும் முறையையும் சேர்த்துப் பார்த்தால், இவ்வேறுபாடுகளில் பல கொடியில் தோன்றாமல் உலர்த்தும் களத்தில் தோன்றியவை என்பது தெரியவரும். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை விளைந்தும், தமிழர் வீட்டு உலர் திராட்சை பெரும்பாலும் வெளிமாநிலத்திலிருந்தே வருவதற்கான காரணமும் அங்கேதான் உள்ளது.

பெயர்கள்

திராட்சை என்னும் சொல் 'திராக்ஷா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. பழைய தமிழ் நூல்களிலும் அகராதிகளிலும் இக்கொடிக்குக் கொடிமுந்திரி, முந்திரிகை ஆகிய பெயர்களும் உண்டு. இன்று தமிழகத்தில் முந்திரி என்றால் முந்திரிப் பருப்பையே குறிக்கும். இலங்கைத் தமிழர் முந்திரிப் பருப்பைக் கஜு என்கின்றனர். உலர் திராட்சையை முந்திரிகை வற்றல் என்றும், பேச்சு வழக்கில் பிளம்ஸ் என்றும் கூறுகின்றனர். இலங்கைச் சமையல் குறிப்பில் பிளம்ஸ் என்று இருந்தால் அது தமிழகக் கடைகளில் விற்கும் பிளம்ஸ் பழம் அன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கடைகளில் வழங்கும் கிஸ்மிஸ் என்ற சொல் பாரசீகத்தின் 'கிஷ்மிஷ்' என்பதன் திரிபு. விதையில்லாத சிறிய பழத்தையே அது முதலில் குறித்தது. விதையுள்ள பெரிய பழத்திற்கு முனக்கா என்று பெயர். கரன்ட் என்ற ஆங்கிலப் பெயர் கிரேக்க நாட்டின் கொரிந்து நகரப் பெயரிலிருந்து வந்தது. பனிக்கூழ் வகைகளில் பெயர் காணப்படும் பிளாக் கரன்ட் வேறொரு செடியின் பழம். அதற்கும் திராட்சைக் கொடிக்கும் உறவில்லை. பெயர் ஒற்றுமையால் இரண்டும் அடிக்கடி குழப்பப்படுகின்றன.

பழைய உலகில் உலர்த்தும் கலை

திராட்சையை உலர்த்தும் வழக்கம் மேற்கு ஆசியாவிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் மிகப் பழமையானது. அந்நாடுகளில் கோடையில் மழை இல்லை. பழம் பழுக்கும் காலமும் வறண்ட வெயில் காலமும் ஒன்றாக அமைவதால், பறித்த குலையைத் தரையில் பரப்பினாலே உலர்ந்துவிடும். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் அபிகாயில் தாவீதின் வீரர்களுக்குக் கொண்டுசென்ற உணவுப் பொருள்களில் நூறு உலர் திராட்சைக் குலைகளும் அடங்கும். ஓமரின் ஒடிசி காவியத்தில் வரும் அரசத் தோட்டத்தில் ஒரு பகுதி திராட்சை உலர்த்தும் களமாகக் காட்டப்படுகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானிய வேளாண் எழுத்தாளரான கொலுமெல்லா தம் நூலின் 12ஆம் பகுதியில் இன்னொரு முறையை விளக்குகிறார். சாம்பலைக் கரைத்துக் கொதிக்கவைத்த காரநீரில் சிறிது எண்ணெய் சேர்த்து, அதில் குலைகளை முக்கியெடுத்து உலர்த்துவது அம்முறை. திராட்சைத் தோலின் மீது சாம்பல் பூத்தாற்போல் ஒரு மெழுகுப் படலம் இருக்கும். அது உள்ளிருக்கும் நீரை வெளியேற விடாமல் காக்கிறது. காரநீரும் எண்ணெயும் அப்படலத்தைக் குலைப்பதால் நீர் விரைவில் ஆவியாகிறது. இன்று மகாராட்டிரத்தில் பயன்படும் முறையும் அடிப்படையில் இதுவே.

இந்தியாவிற்கு வந்த வழி

பழங்கால இந்தியர் திராட்சையை வடமேற்கு எல்லைக்கு அப்பாலுள்ள நாட்டின் பழமாக அறிந்திருந்தனர். கௌடில்யரின் அர்த்தசாத்திரம் திராட்சைச் சாற்றிலிருந்து செய்யும் மதுவைக் குறிப்பிட்டு, அது வரும் நாட்டைக் கொண்டு கபிசாயனம், ஆரகூரகம் என இரு பெயர்களைத் தருகிறது. கபிசி என்பது இன்றைய காபூலுக்கு வடக்கே இருந்த நகரம். ஆயுர்வேத நூல்களில் திராட்சை இருமல், தாகம், மலச்சிக்கல் ஆகியவற்றுக்கான மருந்துகளில் சேர்க்கப்படுகிறது. இன்றும் விற்பனையில் உள்ள திராட்சாரிஷ்டம் உலர் திராட்சையைக் காய்ச்சி நொதிக்கவைத்துச் செய்யப்படுவதே. தொலைவிலிருந்து வரும் பழம் கெடாமல் வருவதற்கு உலர்ந்த வடிவமே ஏற்றது என்பதால், இந்தியாவின் பெரும்பகுதிக்குத் திராட்சை முதலில் வற்றலாகவே அறிமுகமாகியிருக்க வேண்டும்.

தமிழகத்தின் நிலை சற்று வேறு. இங்குக் கடல்வழி வணிகம் இருந்தது. விழுப்புரத்திற்குக் கிழக்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடிகள் மிகுதி என்பது பிற்கால ஆய்வில் தெரியவந்தது. யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது. ஆக, தமிழகக் கடற்கரைக்குத் திராட்சை மதுவாக வந்தது. வட இந்தியச் சந்தைக்கு அது வற்றலாக வந்தது.

தக்காணத்தில் திராட்சைக் கொடி நிலைபெற்றது இடைக்காலத்தில். 14ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக் தலைநகரைத் தௌலதாபாத்திற்கு மாற்றிய பின், அவ்வூரைக் கண்ட இபின் பதூதா அங்குத் திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை காய்ப்பதாக எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் முகலாயப் பேரரசர் பாபர் காபூலின் திராட்சையை நினைத்து ஏங்கி, ஆக்ராவிலும் கொடி நட்டார். அக்பர் காலத்து அயினி அக்பரி, அரண்மனைக்கு வாங்கிய உலர்பழங்களை விலையுடன் பட்டியலிடும்போது உலர் திராட்சையின் வகைகளையும் தனித்தனியே குறிக்கிறது. வகைக்கேற்ப விலை வைக்கும் வழக்கம் 400 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இது சான்று.

19ஆம் நூற்றாண்டில் உலர்பழங்களைச் சுமந்து வந்து வட இந்திய நகரங்களில் விற்ற ஆப்கானிய வணிகரை மக்கள் காபூலிவாலா என்றழைத்தனர். 1892ஆம் ஆண்டு வெளிவந்த இரவீந்திரநாத் தாகூரின் 'காபூலிவாலா' சிறுகதையில் வரும் இரகமத் அத்தகைய ஒருவர்.

ஆப்கானிய முறைகள்

ஆப்கானிஸ்தானில் மூன்று முறைகள் வழங்கின. முதலாவது நிழலில் உலர்த்துவது. மண் சுவர்களில் வரிசையாகத் துளைகள் விட்டுக் கட்டிய கிஷ்மிஷ் கானா என்னும் கூடங்களில் குலைகளைத் தொங்கவிடுவர். வறண்ட காற்று துளைகள் வழியே புகுந்து பழத்தை உலர்த்தும்; வெயில் நேராகப் படாது. இதனால் பழம் பச்சை நிறம் மாறாமல் இருக்கும். சீனாவின் துருபான் வட்டாரத்திலும் இவ்வகைச் செங்கல் கூடங்கள் உண்டு.

இரண்டாவது, வெயிலில் தரையில் பரப்பி உலர்த்துவது. இதில் பழம் செம்பழுப்பாகும். மூன்றாவது, கொதிக்கும் சுண்ணாம்பு காரநீரில் முக்கி உலர்த்துவது. இவ்வாறு செய்த பழத்திற்கு ஆப்ஜோஷ் என்று பெயர். பாரசீகத்தில் ஆப் என்பது நீர், ஜோஷ் என்பது கொதிப்பு. விதையுள்ள பெரிய பழங்கள் இம்முறைக்கு ஏற்றவை. ஒரே தோட்டத்துப் பழம் எந்தக் களத்திற்குப் போகிறதோ அதைப் பொறுத்து, சந்தையில் அதன் பெயரும் நிறமும் விலையும் மாறின.

கொரிந்து திராட்சையும் கிரேக்கத்தின் கடனும்

கரன்ட் எனப்படும் கொரிந்துப் பழம் உலர் திராட்சைகளில் மிகச் சிறியது. கருமை நிறமும் சற்றுப் புளிப்பும் கொண்டது, விதையற்றது. இது தனி இனக் கொடியில் காய்ப்பது. ஆகவே மற்றவற்றிலிருந்து இதன் வேறுபாடு கொடியிலேயே தொடங்குகிறது. இங்கிலாந்தின் கேக், புட்டிங் வகைகளுக்கு இதுவே இன்றியமையாத பழமாக இருந்ததால், 19ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத்தின் ஏற்றுமதியில் முதலிடம் பெற்றது.

1860களில் தொடங்கி பிலாக்சரா என்னும் பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. மது செய்யப் பழமின்றித் தவித்த பிரெஞ்சு ஆலைகள் கிரேக்கத்தின் உலர் திராட்சையை வாங்கி ஊறவைத்து மது செய்தன. விலை ஏறியது. கிரேக்க உழவர்கள் ஒலிவ மரங்களை வெட்டிவிட்டுக்கூடக் கொடி நட்டனர். பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிப் பிரான்சு தன் தோட்டங்களை மீட்டுக்கொண்டது. 1892ஆம் ஆண்டு இறக்குமதி வரியையும் உயர்த்தியது. மறு ஆண்டே கிரேக்கத்தில் விலை சரிந்தது. 1893 டிசம்பரில் கிரேக்க அரசு கடனைத் திருப்பித் தர இயலாத நிலையை அறிவித்தது. இச்சரிவு அந்நெருக்கடிக்கு ஒரு முக்கியக் காரணம். அடுத்த இருபது ஆண்டுகளில் லட்சக்கணக்கான கிரேக்கர்கள் அமெரிக்காவிற்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர்.

உலர்த்தினால் பழம் கெடாது. விலை கெடாது என்பதற்கு அது உறுதி தராது. உபரியைச் சந்தையிலிருந்து விலக்கி வைக்கக் கிரேக்க அரசு 1895இல் சட்டம் செய்தது. அமெரிக்காவிலும் 1949 முதல் அதே நோக்கத்தில் உலர் திராட்சையின் ஒரு பகுதியை இருப்பில் ஒதுக்கும் ஏற்பாடு இருந்தது. உரிய இழப்பீடின்றி உழவரின் பழத்தை அரசு எடுப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு கொடி, மூன்று பெயர்கள்

இன்று உலகில் விற்கும் உலர் திராட்சையில் பெரும்பகுதி ஒரே இனக் கொடியின் பழம். பாரசீகத்திலும் ஆப்கானிஸ்தானிலும் அது கிஷ்மிஷ். துருக்கியிலும் ஆத்திரேலியாவிலும் சுல்தானா. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் தாம்சன் சீட்லெஸ்.

மூன்றாவது பெயர் வந்த கதை சுவையானது. இங்கிலாந்திலிருந்து கலிபோர்னியாவில் குடியேறிய வில்லியம் தாம்சன் என்ற உழவர் 1872ஆம் ஆண்டு நியூயார்க் மாநில நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து மூன்று திராட்சைத் துண்டுகளை வரவழைத்தார். அவற்றில் ஒன்றுதான் பிழைத்தது. அது காய்த்தபோது பழங்கள் விதையின்றி, மெல்லிய தோலுடன், மிகுந்த இனிப்புடன் இருந்தன. அண்டை உழவர்கள் அதிலிருந்து துண்டு வாங்கி நட்டனர். அதுவரை கலிபோர்னியாவில் உலர்த்தப்பட்ட பழம் பெரும்பாலும் விதையுள்ள மஸ்கட். விதையை எந்திரத்தால் நீக்க வேண்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாம்சன் அதன் இடத்தைப் பிடித்தது. கலிபோர்னிய உழவர்கள் 1912இல் அமைத்த கூட்டுறவு அமைப்பே பின்னர் சன்-மெய்ட் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது.

ஒரே பழம் மூன்று நிறங்களில் வருவது எவ்வாறு? கலிபோர்னியாவில் பழத்தை எதிலும் முக்காமல் தாள்களில் பரப்பி வெயிலில் விடுகின்றனர். உலர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதற்குள் பழத்திலுள்ள நொதிகள் காற்றுடன் சேர்ந்து அதைக் கரும்பழுப்பாக்கிவிடும். வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதும் இதே வினையால்தான். துருக்கியில் காரநீரிலும் எண்ணெயிலும் முக்குவதால் பழம் விரைவாக உலர்ந்து இளம்பழுப்போடு நிற்கும். உலர்த்துமுன் கந்தகப் புகை காட்டினால் நொதியின் வேலை நின்று, பழம் பொன்மஞ்சளாகவே இருக்கும்.

ஆகவே பழுப்புப் பழம் பழையதும் அன்று; மஞ்சள் பழம் புதியதும் அன்று. தமிழகக் கடையில் மஞ்சள் பழத்திற்கு இருக்கும் மதிப்பு பெரிதும் கண்ணுக்கு இனிய நிறத்தால் வந்தது.

சாங்லி: இந்தியாவின் உலர்த்தும் களம்

இந்தியாவில் தாம்சன் சாகுபடி 1960களுக்குப் பின் மகாராட்டிரத்தில் பரவியது. அதிலிருந்து இயற்கையாகத் தோன்றிய மாற்று வகைகளை உழவர்களே கண்டு பெருக்கினர். தாஸ்-ஏ-கணேஷ், சோனாக்கா, மாணிக் சமன் ஆகியவை அவ்வாறு வந்தவை. கறுப்பு நிறத்தில் ஷரத் சீட்லெஸ் உள்ளது. மகாராட்டிரத்தின் சாங்லி, சோலாப்பூர், நாசிக் மாவட்டங்களும், கருநாடகத்தின் விஜயபுரா, பாகல்கோட் மாவட்டங்களும் உலர் திராட்சைக்குப் பெயர்பெற்றவை. சாங்லி உலர் திராட்சை 2016இல் புவிசார் குறியீடு பெற்றது. அம்மாவட்டத்தின் தாஸ்கான், ஏல விற்பனைக்குப் பெயர்பெற்ற ஊர்.

இங்கு அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடைபெறுகிறது. அப்போது வெயில் கடுமையாகவும் காற்றின் ஈரம் மிகக் குறைவாகவும் இருக்கும். பொட்டாசியம் கார்பனேட்டும் எதில் ஒலியேட் என்னும் எண்ணெய்ப் பொருளும் கலந்த நீரில் பழத்தைச் சில நிமிடம் முக்கி, கூரையிட்ட அடுக்குப் பந்தல்களில் நைலான் வலைமீது பரப்புகின்றனர். நிழலும் காற்றும் சேர்ந்து சுமார் இரண்டு வாரத்தில் பழத்தை உலர்த்துகின்றன. இதனை ஆத்திரேலிய முறை என்பர். ஆத்திரேலியாவின் மில்துரா வட்டாரத்தில் 1887க்குப் பின் உருவான திராட்சைக் குடியேற்றங்களில் அடுக்குப் பந்தல் வளர்ச்சி பெற்றது. ஏறத்தாழ 4 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ வற்றல் கிடைக்கும்.

உலர்ந்த பழத்தைக் குளிர்பதனக் கிடங்கில் பல மாதங்கள் வைக்கலாம். பழம் மலிந்த பருவத்தில் வியாபாரி கேட்ட விலைக்கே விற்க வேண்டிய நெருக்கடி சாங்லி உழவருக்கு இதனால் ஓரளவு குறைகிறது. ஆனால் உலர்த்தும் இரண்டு வாரத்தில் பருவம் தவறிய ஒரு மழை பெய்தால், பந்தலில் உள்ள பழம் கறுத்துத் தரம் இழந்துவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஏன் உலர்த்துவதில்லை?

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு தமிழகத்தின் முதன்மையான திராட்சைப் பகுதி. கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வட்டாரங்களில் விளையும் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழகத்திற்கு இது வந்ததாகக் கூறப்படுகிறது. இதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க்.

இதன் தாய்வழி, தந்தைவழி மரபை மரபணு ஆய்வு உறுதிசெய்துள்ளது. பெற்றோரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். இசுபெயினின் மாலகா மலைச்சரிவுகளில் நூற்றாண்டுகளாக வெயிலில் உலர்த்தப்படும் புகழ்பெற்ற விதையுள்ள பழம் அந்த அலெக்சாந்திரியா மஸ்கட்டே. கலிபோர்னியாவின் தொடக்ககால உலர் திராட்சையும் அதுவே. எனவே பன்னீர் திராட்சை உலர்த்தும் குலத்தில் பிறந்ததுதான். அது வற்றலாகாததற்குக் காரணங்களை வேறிடத்தில் தேட வேண்டும்.

முதற்காரணம் பருவம். மாலகாவிலும் சாங்லியிலும் அறுவடை ஒரே பருவத்தில், வறண்ட காலத்தில் முடிகிறது. கம்பத்தில் கொடியைக் கவாத்து செய்யும் காலத்தை மாற்றி ஆண்டு முழுவதும் காய்க்க வைக்கின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரமான இங்குத் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரமும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அறுவடையில் ஒரு பகுதி எப்போதும் ஈரமான மாதங்களில் வந்துசேரும்.

இரண்டாவது காரணம் இனிப்பின் அளவு. இதனை எளிய கணக்கால் அறியலாம். வற்றலில் 15 விழுக்காடு நீர் மீதமிருக்கட்டும். 24 விழுக்காடு கரைபொருள் உள்ள 100 கிலோ பழத்திலிருந்து 24-ஐ 0.85ஆல் வகுக்க, சுமார் 28 கிலோ வற்றல் கிடைக்கும். கரைபொருள் 16 விழுக்காடானால் கிடைப்பது சுமார் 19 கிலோ மட்டுமே. அதாவது 1 கிலோ வற்றலுக்கு முதலாவதில் மூன்றரைக் கிலோ பழம் போதும். இரண்டாவதில் ஐந்தே கால் கிலோ வேண்டும். சாறு நிறைந்த உண்பழமாகப் பறிக்கப்படும் பன்னீர் திராட்சை இந்த இரண்டாம் கணக்கிற்கே நெருங்கியது.

மூன்றாவது காரணம் விதை. விதையில்லாப் பழத்திற்குப் பழகிய பாயசக் கிண்ணம் விதையுள்ள வற்றலை ஏற்பதில்லை. நான்காவது காரணம் அண்மையிலுள்ள சந்தை. கேரளமும் தமிழக நகரங்களும் ஆண்டு முழுவதும் புதுப் பழத்தை வாங்குகின்றன. நல்ல விலை கிடைக்கும் நாளில் உலர்த்தத் தேவையில்லை. விலை வீழும் நாளில் உலர்த்தக் களம் இல்லை. பறித்த சில நாள்களில் விற்றாக வேண்டிய கட்டாயம் கம்பத்து உழவரைப் பேரத்தில் வலுவற்றவராக்குகிறது.

கொப்பரைக்கும் முருங்கையிலைக்கும் தமிழகத்தில் இப்போது பயன்படும் சூரியக் கூடார உலர்த்திகள் மழைத் தடையை நீக்கக்கூடியவை. இனிப்புக் கணக்கும் விதையும் அப்போதும் இருக்கும். ஆனால் விதையுள்ள பழத்திற்கு நாட்டு மருந்துக் கடையில் ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. பன்னீர் திராட்சையை வற்றலாக்கினால் அது போட்டியிட வேண்டியது முனக்காவோடுதான். சாங்லி கிஸ்மிசோடு அன்று.

பனமலை வட்டாரமும் வெயிலும்

வெயில் மிகுந்த இடமெல்லாம் திராட்சையை உலர்த்த ஏற்ற இடம் ஆகிவிடாது. இதற்குப் பனமலை நல்ல எடுத்துக்காட்டு. பல்லவ மன்னன் இராசசிம்மன் 8ஆம் நூற்றாண்டையொட்டி எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலாலும், அங்குள்ள தேவி ஓவியத்தாலும் அறியப்பட்ட ஊர் இது. தாளம் என்றால் பனை. தாளகிரி என்பது பனமலையே. நெல், வேர்க்கடலை, கரும்பு, உளுந்து ஆகியவை இவ்வட்டாரப் பயிர்கள்.

உலர்த்தும் கலை இங்குப் புதிதன்று. பங்குனி, சித்திரை வெயிலில் மோர் மிளகாயும் கொத்தவரை வற்றலும் வடகமும் காய்கின்றன. திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணம் உப்பளங்களில் கடல்நீரே வெயிலில் உப்பாகிறது. மழைக்காலத்தில் அவ்வேலை நின்றுவிடும். ஆனால் கொத்தவரையில் சர்க்கரை குறைவு. திராட்சையோ தன்னுள் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரையும் நான்கு பங்கு நீரும் கொண்டது. ஈரக் காற்றில் அது உலர்வதற்குள் புளித்துவிடும் அல்லது பூசணம் பிடித்துவிடும். கடற்காற்று எட்டும் வட்டாரத்தில் இந்த இடர் கூடுதல். வெயிலோடு வறண்ட காற்றும், மழையற்ற இரண்டு வாரங்களும், அதே வேளையில் பழுத்த கொடியும் ஒன்றுசேர வேண்டும். இந்நான்கும் கூடும் இடங்கள் உலகில் சிலவே என்பதால்தான், பனமலையின் பொங்கல் பானைக்கும் தக்காணத்துப் பழமே வருகிறது.

சத்தில் உள்ள வேறுபாடு

100 கிராம் உலர் திராட்சையில் ஏறத்தாழ 300 கிலோகலோரி ஆற்றல் உள்ளது. புதுப் பழத்தில் சுமார் 70. உலர்ந்த பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. நார்ச்சத்தும் பொட்டாசியமும் நல்ல அளவில் உண்டு. உயிர்ச்சத்து சி பெரும்பகுதி அழிந்துவிடுகிறது.

மஞ்சள், பழுப்பு வகைகளுக்கிடையே ஆற்றல், இரும்பு, பொட்டாசியம் ஆகியவற்றில் வேறுபாடு மிகச் சிறிதே. இரண்டிலும் இரும்பு 100 கிராமுக்கு 2 மில்லிகிராமுக்குக் குறைவு. கொரிந்து வகையில் 3 மில்லிகிராம் அளவில் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. ஊறவைத்த பத்துப் பதினைந்து திராட்சையால் இரத்தசோகை தீரும் என்று நம்பி, மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையைக் கைவிடுவது தீங்காக முடியலாம். கறுப்புப் பழத்தின் தோலில் உள்ள நிறப்பொருள்கள் பயனுடையவை என்பது உண்மை. அது வேறு, இரும்பு வேறு.

நீரிழிவு உள்ளோர் எவ்வகையாயினும் அளவறிந்தே உண்ண வேண்டும். நிறம் சர்க்கரையைக் குறைப்பதில்லை.

கந்தகம் பற்றி

பொன்மஞ்சள் பழத்தில் கந்தக ஈராக்சைடு சிறிதளவு தங்கியிருக்கும். வெளுப்பூட்டிய உலர் திராட்சையில் இது கிலோவுக்கு 1500 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று பன்னாட்டு உணவுத் தரவிதி வரையறுத்துள்ளது. பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை இல்லை. ஆஸ்துமா உள்ளோரில் சிலருக்கு மூச்சிரைப்பு வரலாம். கந்தகம் தயமின் என்னும் உயிர்ச்சத்தையும் அழிக்கிறது. பொட்டலத்தின் உட்பொருள் பட்டியலில் 220 என்ற எண் இருந்தால் கந்தக ஈராக்சைடு சேர்க்கப்பட்டுள்ளது என்று பொருள். உதிரியாக வாங்கும் பழத்தில் இக்குறிப்பு இராது. மிகப் பளிச்சென்ற மஞ்சளே அங்கு அடையாளம்.

வகைகளின் சுருக்க ஒப்பீடு

பழுப்பு வகை: விதையற்றது, நேரடி வெயிலிலோ காரநீரில் முக்கியோ உலர்த்தப்படுவது, ஆழ்ந்த இனிப்புடையது, அன்றாடச் சமையலுக்கு ஏற்றது.

பொன்மஞ்சள் வகை: பெரும்பாலும் அதே கொடியின் பழம், கந்தகப் புகையூட்டியது, சற்றுப் புளிப்பும் மென்மையும் உடையது, நெய்யில் வறுத்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பந்துபோல் உப்பும்.

பச்சை வகை: நிழலில் உலர்ந்தது, ஆப்கானிஸ்தான், சீனக் கூடங்களின் முறையில் வருவது, இந்திய நிழல் பந்தல்களிலும் பச்சை சாயல் கிடைப்பதுண்டு.

கறுப்பு வகை: கறுப்புத் திராட்சையை உலர்த்தியது, நிறம் கொடியிலிருந்தே வருவது.

கொரிந்து வகை: மிகச் சிறியது, புளிப்புக் கலந்தது, கேக், ரொட்டிக்கு உரியது.

முனக்கா: பெரியது, விதையுள்ளது, சதைப்பற்று மிக்கது, மருந்துச் சரக்காக விற்கப்படுவது.

வாங்கும்போது நிறத்தைவிடப் பிற அடையாளங்களைக் காண்பது நல்லது. பழம் கையில் ஒட்டாமல், அமுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும். காம்பும் மணலும் குறைவாக இருக்க வேண்டும். புளித்த வாடை கூடாது. மேலே வெண்துகள் படிந்திருந்தால் அது சர்க்கரை பூத்ததாகவும் இருக்கலாம், பூசணமாகவும் இருக்கலாம். வெந்நீரில் இட்டால் சர்க்கரை கரைந்துவிடும். எவ்வகையாயினும் பயன்படுத்துமுன் கழுவ வேண்டும். திராட்சையின் புளிப்பு பாலைத் திரிக்கக்கூடும் என்பதால், பாயசத்தில் நெய்யில் வறுத்து இறுதியில் சேர்ப்பதே வழக்கம்.